எந்நேரமும் திறந்திருக்கும் வீடு

அன்பும் மதிப்பும் குறையாத மைத்துனருக்கு,

உங்கள் அக்காவின் கணவர், கடற்கரைச் சாலை வீட்டின் வாசல் அறையில் உட்கார்ந்து, தெளிவான புத்தியுடனும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். அங்கே நீங்கள் நலம், ஆபரேஷன் செய்த உங்கள் முழங்கால் நலம், அந்த முழங்காலைப் பார்த்துக்கொள்ள வந்து முழங்கால் குணமான பிறகும் தங்கியிருப்பவரும் நலம் என்று நம்புகிறேன்.

நேற்றுக் காலை ஒரு முக்கியமான முடிவு எடுத்தேன். பல நாட்களாக ஆலோசனையில் இருந்த விஷயம். எல்லாத் தரப்பு வாதங்களையும் பொறுமையாகக் கேட்டு, வீட்டில் இப்போது ஒரே உறுப்பினர்தான் என்பதால் ஏகமனதாக, வாசல் அழைப்பு மணியைக் கழற்றிவிடுவது என்று தீர்மானம் நிறைவேறியது. ஸ்டூல் போட்டு ஏறிக் கழற்றியும் விட்டேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்ட பக்கத்து வீட்டுத் தையல்காரர், "எதுக்கு சார் இந்த வேலை?" என்றார். மின்சாரச் சிக்கனம் என்றேன். "மணி அப்படி எவ்வளவு கரண்ட் குடிச்சிடும்?" என்றார். "கொள்கைன்னு ஒண்ணு இருக்குல்ல" என்றேன். கொள்கை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் ஸ்டூலை விட்டுவிட்டார். சாயங்காலம் மணியை மறுபடியும் மாட்டிவிட்டேன். கொள்கையில் மாற்றம் ஏதும் இல்லை. யாராவது பெட்டியும் கையுமாக வந்து நின்று, மணி இல்லாததைப் பார்த்து, வீட்டில் ஆளில்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டால் அது நாகரிகமாக இருக்காது. 'யாராவது' என்று பொதுவாகத்தான் சொல்கிறேன்.

மணியைக் கழற்றும் நிலைமை ஏன் வந்தது என்று நீங்கள் கேட்கலாம். கேட்காவிட்டாலும் சொல்கிறேன், அதற்காகத்தான் கடிதம். முதலில் நாட்டு நடப்பு. உங்கள் அக்கா உங்கள் ஊருக்குப் பஸ் ஏறிய அதே வாரம், எங்கள் நகராட்சி எங்கள் ஊரைச் சுற்றுலாத் தலம் என்று அறிவித்தது. இரண்டுக்கும் தொடர்பு இல்லை என்று நகராட்சித் தலைவர் என்னிடம் நேரில் உறுதி கூறினார். அறிவித்த கையோடு கடற்கரையில் சிமென்டில் ஒரு டால்பின் வைத்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பூசணிக்காய், பக்கத்தில் போய்ப் பார்த்தால் கோபமான பூசணிக்காய். இந்தக் கடலில் டால்பினைப் பார்த்தவர் யாராவது உண்டா என்று தலைவரிடம் கேட்டேன். "வந்தா பெருமைதானே சார்" என்றார். அடுத்ததாக, சூரியன் மறைவதை உட்கார்ந்து பார்ப்பதற்கென்று கடலைப் பார்த்தபடி படிக்கட்டு மேடை ஒன்று கட்டினார்கள். இங்கேதான் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. நான் நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கிழக்கு எது என்று அரசாங்கத்துக்கு எடுத்துச் சொல்லியே சம்பளம் வாங்கியவன். எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் பஸ் டிப்போவுக்குப் பின்னால் மறைகிறது. இதை மிகுந்த பணிவோடு தலைவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் என் தோளில் கை போட்டு, "சூரியன் எந்தப் பக்கம் போனா என்ன சார், ஜனங்க இந்தப் பக்கம் வர்றாங்களா இல்லையா?" என்றார். வருகிறார்கள். தினமும் சாயங்காலம் அந்த மேடையில் வரிசையாக உட்கார்ந்து, கையில் செல்போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு, எதிரே கடலையே பார்த்துக் காத்திருக்கிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சூரியன் பேசாமல் போய்விடுகிறது. இருட்டிய பிறகு எழுந்து, மேகமாக இருந்திருக்கும் என்று பேசிக்கொண்டு கலைகிறார்கள். சில நாள் நானும் அங்கே போய் உட்காருவதுண்டு. துணைக்குத்தான், திசை எனக்குத் தெரியும்.

இந்த அழகுபடுத்தலில் பஸ் நிலையத்தை ஊருக்குப் பின்பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். எங்கள் சாலை ஒருவழிப் பாதை ஆனது. கடற்கரைச் சாலை என்ற பெயரை எடுத்துவிட்டு ஓஷன் வியூ அவென்யூ என்று பலகை வைத்தார்கள். அந்தப் பலகை சரியாக எங்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே நிற்பதால், கடலில் முன்பு தெரிந்த அளவில் பாதிதான் இப்போது தெரிகிறது. இந்த நிலையில் ஒரு நாள், மிகவும் பொதுவாக, வேறு விஷயம் பேசும்போது பேச்சோடு பேச்சாக, உங்கள் அக்காவிடம் போனில், "எப்போ வர்ற?" என்று கேட்டேன்.

"வரணும்தான். ஆனா பஸ் ஸ்டாண்டையே மாத்திட்டாங்களாமே. தெருப் பேரையும் மாத்திட்டாங்களாம். எங்க இறங்கி, யாரைக் கேட்டு, எப்படி வீட்டைக் கண்டுபிடிக்கிறது?" என்றார்.

"முப்பது வருஷம் குடியிருந்த வீடும்மா."

"வீடு அங்கயேதான் இருக்கும். வழிதானே மாறிப்போச்சு. சரி, வச்சிடறேன், கிளாசுக்கு நேரமாகுது."

"என்ன கிளாஸ்?"

"நீச்சல் கிளாஸ். தம்பி சொல்லலையா?"

தம்பி சொல்லவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன். உங்கள் அக்கா கடலுக்கு எதிரே முப்பது வருடம் குடியிருந்து கணுக்கால் நனையாதவர். கடலும் இல்லாமல் ஆறும் இல்லாமல், குழாயில் தண்ணீர் வருவதே செய்தியாக இருக்கும் உங்கள் ஊருக்கு வந்து, நகராட்சி நீச்சல் குளத்தில் நீந்தக் கற்றுக்கொள்கிறார். இயற்கையின் விந்தைகளில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். கடலுக்குப் போகலாம் என்று அவர் கேட்டபோதெல்லாம், "கடல் எங்க ஓடிப்போகுது, நாளைக்குப் போகலாம்" என்று நான் சொன்னதாக அவர் உங்களிடம் சொல்லியிருக்கக்கூடும். அது மிகைப்படுத்தல். சில சமயம் அடுத்த வாரம் என்றும் சொல்லியிருக்கிறேன்.

நீச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும். வழி தெரியவில்லை என்பதுதான் அவர் எழுதாமல் கொடுத்த மனு. மனு வந்தால் நடவடிக்கை எடுப்பது என் பழக்கம். அது சாக்கு என்று தையல்காரர் சொன்னார். பொம்பளைங்க வழி தெரியலைன்னா வழி தெரியலைன்னு அர்த்தமில்லை சார் என்றார். அவர் துணியை அளக்கிறவர், நான் நிலத்தை அளந்தவன். இருவரும் ஒரே மாதிரி யோசிக்க முடியாது. நேரே செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் என் போனை வாங்கி, அதற்குள் இருக்கும் உலக வரைபடத்தைத் திறந்து காட்டினார். ஊர் இருந்தது. டால்பின் இருந்தது. பஸ் டிப்போ இருந்தது. தையல்காரர் கடைகூட இருந்தது. எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை, மஞ்சளாக வெறும் நிலம். வாழ்நாள் முழுக்க ஊர்க்காரர்களின் வீடுகளை வரைபடத்தில் ஏற்றிய ஒருவனுக்குத் தன் வீடு அங்கே இல்லை என்பது எப்படி இருக்கும் என்று சொல்ல எனக்கு நல்ல உவமை கிடைக்கவில்லை. உங்கள் அக்கா அங்கிருந்து தேடிப் பார்த்திருந்தால் நாங்கள் இருந்ததற்கான அடையாளமே தெரிந்திருக்காது.

அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வீட்டைச் சேர்த்தேன். போன் வரிசையாகக் கேள்வி கேட்டது. காலி இடம் விடுவது எங்கள் துறையில் குற்றம். எல்லாவற்றுக்கும் பதில் எழுதினேன். இது என்ன வகையான இடம் என்று கேட்டது. அது காட்டிய வகைகளில் உணவகம், மருந்துக்கடை, தங்குமிடம், கல்லறை எல்லாம் இருந்தன. எனக்கு வேண்டியது அகப்படவில்லை. இருப்பவற்றில் உண்மைக்கு நெருக்கமானது தங்குமிடம்; நான் அங்கேதானே தங்கியிருக்கிறேன். திறந்திருக்கும் நேரம் என்ன என்று கேட்டது. அவர் எந்தப் பஸ்ஸில் வருவார் என்று தெரியாத நிலையில் எப்படி ஒரு நேரத்தைச் சொல்ல முடியும்? எந்நேரமும் என்று எழுதினேன். இந்த இடத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் என்று கேட்டது. வருகிறவர் எதைத் தெரிந்துகொள்ள விரும்புவாரோ அதைத்தான் எழுத வேண்டும். ஆகவே, "குளியலறைக் குழாய் இப்போது ஒழுகுவதில்லை. மின்விசிறி சத்தம் நிறுத்தப்பட்டது. ரேடியோ சத்தம் பாதியாகக் குறைக்கப்பட்டது. ஜன்னல் பக்கக் கட்டிலின் ஆட்டம், ஆணி அடித்துச் சரிசெய்யப்பட்டது. ஈரத் துண்டு நாற்காலியில் போடப்படுவதில்லை. காலையில் டீ போட்டுத் தரப்படும்" என்று எழுதினேன். ஒரு படம் கேட்டது. ஜன்னல் பக்கக் கட்டிலைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அங்கே வெளிச்சம் நன்றாக இருந்ததால், அதைப் போட்டேன். கடைசியில் போன், "நன்றி, உங்கள் தகவல் பயணிகளுக்கு உதவும்" என்றது. பயணிதானே அவரும் என்று எனக்கு நிறைவாக இருந்தது. அன்றே அவரிடம், "வீடு மேப்ல ஏறியாச்சு, இனிமே வழி தெரியலைன்னு சொல்ல முடியாது" என்றேன். "அப்படியா, பார்க்கிறேன்" என்றார். எந்தத் துறையிலும் 'பார்க்கிறேன்' என்பதற்கு ஒரே பொருள்தான். எனக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை காலையிலேயே வாசல் மணி அடித்தது. நான் ஓடவில்லை, வேகமாக நடந்தேன். வழியில் நாற்காலி தானாகக் கவிழ்ந்தது. கதவைத் திறந்தால், சக்கரம் வைத்த பெட்டிகளோடு ஓர் இளம் தம்பதி. புதுசாகக் கல்யாணமானவர்கள், ஒரே மாதிரித் தொப்பி.

"அங்கிள், எந்நேரமும் ஓப்பன்னு போட்டிருந்துதே?" என்றான் பையன்.

"ஆமா. ஆனா அது வந்து..."

"குழாய் ஒழுகாதுன்னு படிச்சதும் இவ இங்கதான் தங்கணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. போன தடவை ஸ்டார் ஹோட்டல்ல தங்கினோம் அங்கிள், ராத்திரி பூரா பாத்ரூம்ல சொட்டு சொட்டுன்னு. இந்த மாதிரி உண்மையைச் சொல்ற ஹோட்டல் எங்க இருக்கு?"

அந்தப் பெண் உள்ளே எட்டிப் பார்த்து, "ரேடியோ பாதிதான் கேக்கும்னா எப்படி அங்கிள், மிச்சப் பாதி யாருக்கு?" என்றாள்.

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். உண்மையைச் சொல்கிறவர் என்று ஒருவர் முகத்துக்கு நேரே பாராட்டிய பிறகு, அது தவறுதலாகச் சொன்ன உண்மை என்று அவரைத் திருப்பி அனுப்புவது எப்படி? உள்ளே வரச் சொன்னேன். டீ போட்டுத் தரப்படும் என்று எழுத்துப்பூர்வமாகச் சொல்லிவிட்டதால் டீயும் போட்டேன். பின்னறையில் பாய் விரித்துக் கொடுத்தேன். அந்தப் பெண் மட்டும் ஜன்னல் பக்கக் கட்டிலைக் காட்டி, "போட்டோல இருக்கிறது இதுதானே, இதைக் குடுங்களேன்" என்றாள்.

"அது புக் ஆயிடுச்சும்மா."

"யாரு அங்கிள்?"

"வருவாங்க."

காசு எதுவும் வாங்க மறுத்துவிட்டேன். அதுதான் பிசகாகிப்போனது. நன்றி சொல்ல வேறு வழியில்லாமல் அவர்கள் ஊருக்குப் போய் அந்த வரைபடத்தில் எங்கள் வீட்டுக்கு நட்சத்திரம் போட்டார்கள். வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்டு, அதற்கு நட்சத்திரமும் வாங்கியது நான் ஒருவன்தான். "அருமையான இடம். ஹோட்டல்காரர் நம் அப்பா மாதிரி. ஈரத் துண்டைக் கொடியில்தான் போடுகிறார், நாங்களே பார்த்தோம். வாசலில் மணி அடித்தால் தாத்தா பறந்து வருகிறார்" என்று எழுதியிருந்தார்கள். அப்பாவாகத் தொடங்கி நான்காவது வாக்கியத்தில் தாத்தாவாகிவிட்டதை நான் பெரிதுபடுத்தவில்லை. 'பறந்து' என்பது உண்மைக்கு மாறானது. அதன் கீழேயே, "பறக்கவில்லை, வேகமான நடை மட்டுமே" என்று மறுப்பு எழுதினேன். மறுப்பையும் சேர்த்துப் படித்தவர்கள் இன்னும் அதிகமாக வரத் தொடங்கினார்கள்.

பிறகு நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். வார இறுதி என்றால் வாசலில் பெட்டிகளின் சக்கரச் சத்தம் கேட்காத நேரமில்லை, ஒவ்வொரு சத்தத்துக்கும் நான் எழுந்து போக வேண்டியிருந்தது, ஏனென்றால் உங்கள் அக்கா எடுத்துப் போனதும் சக்கரம் வைத்த பெட்டிதான், இந்தக் காலத்தில் எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி சத்தம் போடுகிறது, அதில் தயாரிப்பாளர்கள் கவனம் செலுத்த வேண்டும். கூடத்தில் யோகா சொல்லித்தரும் அம்மா ஒருவர் தலைகீழாக நின்றுகொண்டே என்னிடம் சர்க்கரை இல்லாத டீ கேட்டார், பின்னறையில் தங்கிய கணக்காளர் ஒருவர் குழாயடியில் காதை வைத்து ஒழுகலைச் சோதித்துவிட்டு என் கையைக் குலுக்கினார், கண்ணாடி போட்ட ஒரு கல்லூரிப் பெண் கட்டில் காலியாக இருந்தும் தரவில்லை என்று கோபித்துக்கொண்டு தரையில் படுத்தாள். அவள் எழுதியதை அப்படியே தருகிறேன்: "மூன்று நட்சத்திரம். ஜன்னல் பக்கக் கட்டில் இரவு முழுக்கக் காலி. யாரோ வரப்போகிறார்கள் என்று சொல்லிக் கொடுக்கவில்லை. யாரும் வரவில்லை. இது மோசடி." இதற்கு நான் மறுப்பு எழுதவில்லை. எழுத உட்கார்ந்தேன், உண்மைக்கு மாறாக அதில் எதுவும் இருக்கவில்லை.

இதற்கிடையில் தையல்காரர் பள்ளிச் சீருடைக்கு வெட்டியதில் மீந்த துணியில் நீச்சல் டிரவுசர் தைத்து, என் வீட்டுக்கு வருகிறவர்களிடம் விற்க ஆரம்பித்தார். எங்கள் கடற்கரையில் இப்போது அலையில் குளிக்கிற பெரியவர்கள் எல்லாரும் ஐந்தாம் வகுப்பு மாதிரி இருக்கிறார்கள். இனி பொறுக்க முடியாது என்று செல்போன் கடைக்குப் போய், வீட்டை வரைபடத்திலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். கடைக்காரர் எதையோ தட்டினார். பிரபலமான இடங்களை எடுக்க முடியாது, உரிமையாளர் என்றால் அந்த இடத்தின் முன் நின்று படம் அனுப்புங்கள் என்று பதில் வந்தது. வாசலில் நின்று அனுப்பினேன். மறுநாள் பதில் வந்தது. பயணிகள் போட்ட பல படங்களில் இதே நபர் இதே வாசலில் நிற்பதால், இந்த இடத்தின் சிறப்பம்சங்களில் அவரும் சேர்க்கப்பட்டிருக்கிறார் என்றது. திறந்து பார்த்தேன். 'கடற்காட்சி, இலவச டீ, வாசலில் நிற்கும் பெரியவர்' என்று இருந்தது. செய்தி கேட்டு நகராட்சித் தலைவர் மாலையோடு வந்துவிட்டார். "சார், டால்பினை விட உங்களுக்குத்தான் கூட்டம்!" என்றார். அம்புக்குறி போட்ட பலகைகளைப் பஸ் நிலையத்திலிருந்து என் வாசல் வரை வழிநெடுக வைக்க உத்தரவு போட்டிருப்பதாகச் சொன்னார். இப்போது கண்ணைக் கட்டி விட்டாலும் இந்த வீட்டுக்கு வந்துவிடலாம். வழி தெரியவில்லை என்று சொல்ல இந்த உலகத்தில் ஒருவருக்கும் வாய்ப்பில்லை. வர வேண்டியவர் மட்டும் வரவில்லை.

பிறகு அவரே போன் செய்தார். சென்ற வாரம், மத்தியான நேரம், கூடத்தில் யாரும் இல்லை.

"மேப்ல பார்த்தேன்" என்றார்.

"வழி தெரிஞ்சுதா?"

"வழி தெரிஞ்சுது. அதுக்குக் கீழ எழுதியிருக்கிறதையும் படிச்சேன். ஒண்ணு விடாம." பிறகு, "குழாயை நிஜமாவே மாத்தியாச்சா?" என்றார்.

"மாத்தியாச்சு."

"நான் தலைபாடா அடிச்சுக்கிட்டப்ப எல்லாம் மாத்தலை."

"அப்போ பிளம்பர் கிடைக்கலை."

"பிளம்பர் நம்ம எதிர்வீட்டுலதான் இருந்தார்."

"ஆமா. ரொம்பப் பக்கத்துல இருந்ததால தோணலை."

சிரித்த மாதிரி இருந்தது. லைன் சரியில்லாததால் உறுதியாகச் சொல்ல முடியாது. "அது சரி, ஜன்னல் கட்டிலை ஏன் யாருக்கும் குடுக்க மாட்டேங்கறீங்களாம்? ஒரு பொண்ணு திட்டி எழுதியிருக்கா பாருங்க" என்றார்.

"அது... காலு ஆடுது."

"ஆணி அடிச்சு ஆட்டத்தை நிறுத்தியாச்சுன்னு நீங்கதானே போட்டிருக்கீங்க."

உங்கள் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. நீங்களாக இருந்தால், முழங்காலில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி, "இன்னிக்கு நான் ஆழமான பக்கம் போனேன். தனியா. கால் தரையில படலை" என்றார். "பயமா இல்லையா?" என்றேன். "முதல்ல இருந்துது. அப்புறம் இல்லை. கரைக்கு வந்ததும் யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துது. தம்பி வேலையா இருக்கான். அதான் உங்களுக்குப் பண்ணேன்."

மைத்துனரே, அந்த இடத்தில் ஒரு மனிதன் சொல்லத்தக்க வாக்கியங்கள் எத்தனையோ இருக்கின்றன. நான் சொன்னது, "நல்லது. ஜலதோஷம் பிடிக்காம பாத்துக்க."

"சரி, வச்சிடறேன்" என்றார். கிளாசுக்கு நேரமாகிறது என்றோ குக்கர் கத்துகிறது என்றோ சொல்லவில்லை. வெறுமனே வைத்துவிட்டார். பொருத்தமான வாக்கியங்கள் அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாக வந்தன. நின்ற மழைக்குப் பிறகு குடை விற்க வருகிற மாதிரி. அவற்றில் சிலவற்றைத் தையல்காரரிடம் சொல்லிக் காட்டினேன். ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டார். "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா எனக்கு எதுக்கு?" என்றார்.

ஆகவே நான் உங்களுக்கு எழுதுவதன் நோக்கம் என்னவென்றால், எனக்கு ஒரு நோக்கமும் இல்லை. உங்கள் அக்காவை அனுப்பி வைக்கும்படி நான் கேட்கவில்லை என்பதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் அங்கே எவ்வளவு நாள் இருக்க விரும்பினாலும் இருக்கட்டும். எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. டீயில் சர்க்கரை அளவு மட்டும் இன்னும் பிடிபடவில்லை. அவர் இரண்டு பேருக்குப் போடுவதைப் பார்த்தே பழகிவிட்டது, ஒருவருக்குப் போட்டாலும் இரண்டு டம்ளர் வருகிறது. மிச்சத்தைப் பயணிகள் குடித்துவிடுவதால் வீணாவதில்லை. ரேடியோவைப் பாதியாக வைத்தால் செய்தி சரியாகக் கேட்பதில்லை. இருந்தாலும் எழுத்தில் கொடுத்த வாக்கு என்பதால் காதை அருகில் வைத்துக் கேட்கிறேன். என்னை முன்னிட்டு அவர் நீச்சலை எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது. ஆழமான பக்கம் போய் வந்த ஒருவரை, சூரியன் தப்பான பக்கம் மறைகிற ஊருக்குத் திரும்பி வா என்று கூப்பிடுவதில் நியாயம் இல்லை. நானும் இங்கிருந்து அசைவதாக இல்லை. வீட்டைப் போட்டுவிட்டுப் போக முடியாது. யாராவது வந்தால் கதவு திறக்க ஆள் வேண்டும். நீச்சல் என்பதும் என் வயதுக்கும் கௌரவத்துக்கும் ஏற்ற விஷயம் அல்ல. ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னது என்னைப் போன்ற நில அளவைக்காரர்களை மனதில் வைத்துத்தான்.

இந்தக் கடிதத்தை அவரிடம் காட்ட வேண்டாம். காட்டுவதாக இருந்தால் இதற்கு மேலே உள்ள பத்தியை மட்டும் காட்டுங்கள். டீயைப் பற்றிய பகுதியை மடித்துவிட்டுக் காட்டுங்கள்.

உங்கள் முழங்கால் படிக்கட்டை மறந்து ஓடட்டும். உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீரும் உங்கள் ஊர்க் குளத்தில் ஆழமும் குறையாமல் இருக்கட்டும். மூத்தவன் என்ற முறையில் உங்களுக்கு என் ஆசி. உங்கள் அக்காவுக்கு என் வணக்கம் என்று சொன்னால் சிரிப்பார். விசாரித்ததாக மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அத்தான்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிய பிறகு மறுபடி பிரித்து எழுதுகிறேன். காலையில் தொப்பி போட்ட அந்தத் தம்பதி மறுபடியும் வந்தார்கள். அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள். தரையில் படுக்க முடியாது. ஜன்னல் பக்கக் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டேன். "வர்றதா சொன்னீங்களே அங்கிள், அவங்க?" என்று கேட்டாள். "நான்தான் போறேன்" என்றேன். அதைச் சொல்லிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. வீட்டுச் சாவியும் டீ போடும் பொறுப்பும் இப்போது தையல்காரரிடம் இருக்கின்றன. அவர் எனக்கும் சீருடைத் துணியில் ஒரு டிரவுசர் தைத்துக் கொடுத்துவிட்டார். மூத்த வாடிக்கையாளர் என்பதால் பாக்கெட் வைத்திருக்கிறார். தபால் போய்ச் சேர்வதற்குள் நான் வந்துவிடுவேன் என்று தோன்றுவதால் இந்தக் கடிதத்தை நானே கையில் எடுத்து வருகிறேன். நாளை காலைப் பஸ். உங்கள் ஊர் நீச்சல் குள அலுவலகத்துக்குப் போன் செய்து, உங்கள் அக்கா படிக்கும் வகுப்பிலேயே இடம் கேட்டேன். அவர் ஆழக் குளத்து வகுப்புக்கு மாறிவிட்டாராம். எனக்கு இடுப்பளவுத் தண்ணீரில் கொடுத்திருக்கிறார்கள்.